ஞானப்பல் எடுத்த கதை: நான் சொன்ன ஒரு பொய்

ரெண்டு வாரமா எபிசோட் வரலையேன்னு கேட்டிருந்தீங்க. காரணம் என் வாய்தான். கீழ்த்தாடையில் வலது பக்க ஞானப்பல்லை எடுத்தேன். அதுல நான் பண்ணின முட்டாள்தனத்தை நீங்க பண்ணக் கூடாதுன்னுதான் இன்னைக்கு இந்தக் கதை.

ஞானப்பல்ங்கிறது மூன்றாவது கடைவாய்ப்பல். பெரும்பாலும் 17 முதல் 25 வயசுக்குள்ள முளைக்கும். தாடையில் இடம் இல்லைன்னா சாய்ஞ்சோ படுத்தோ மாட்டிக்கும். பாதி மூடின ஈறுக்கு அடியில் சாப்பாட்டுத் துணுக்கும் கிருமியும் தங்கிடும். அப்புறம் வீக்கம், வலி. எனக்கு வாய்க்குள்ள ஸ்பூன்கூடப் போகலை.

எல்லாரும் எடுக்கணுமா? இல்லை. நோய் எதுவும் இல்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கைக்காக எடுக்க வேண்டாம்னு இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2000-லேயே சொல்லிடுச்சு. திரும்பத் திரும்ப வீங்கினாலோ, சரிசெய்ய முடியாத சொத்தை வந்தாலோ, பக்கத்துப் பல் கெட்டாலோ எடுக்கச் சொல்வாங்க. எனக்கு மூணு தடவை வீங்கிச்சு. மூணு தடவையும் வலி மாத்திரை போட்டே ஓட்டினேன்.

டாக்டர் முதல்ல ஓபிஜி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாங்க. கீழ்த்தாடை எலும்புக்குள்ள ஒரு நரம்பு ஓடுது. கீழுதட்டுக்கு உணர்ச்சி தர்றது அதுதான். பல்லோட வேர் அதை ஒட்டி இருந்தா, எடுத்த பிறகு உதடு மரத்துப்போக வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் சரியாகிடும், அபூர்வமா நிரந்தரமாகவும் நிக்கலாம். கையெழுத்துப் போடும் முன்னாடி இதைக் கேட்டுக்குங்க.

அன்னைக்குக் கொடுத்த படிவத்தில் 'புகைப்பழக்கம் உண்டா?'ன்னு ஒரு கேள்வி. பக்கத்தில் அம்மா. 'இல்லை'ன்னு எழுதிட்டேன்.

ஆபரேஷன் பயந்த மாதிரி இல்லை. மரத்துப்போக ஊசி போட்டுட்டாங்க. அழுத்தமும் சத்தமும் தெரிஞ்சுது, வலி தெரியலை. பல்லை ரெண்டு துண்டா வெட்டி எடுத்து, தையல் போட்டு, பஞ்சைக் கடிச்சுக்கச் சொன்னாங்க.

நிஜமான வேலை அதுக்கப்புறம்தான். பல் இருந்த குழியில் ரத்தம் உறைஞ்சு ஒரு மூடி மாதிரி நிக்கும். கீழே இருக்கிற எலும்பையும் நரம்பு நுனிகளையும் காப்பாத்துறது அதுதான். முதல் 24 மணி நேரம் காறித் துப்பாதீங்க, வேகமா கொப்பளிக்காதீங்க, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீங்க. மறுநாள்ல இருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணியை வாயில் வெச்சு மெதுவா சாய்ச்சு விடுங்க. முக்கியமா, சிகரெட் கூடாது.

நான் ரெண்டாம் நாளே மொட்டைமாடிக்குப் போனேன்.

மூணாம் நாள் ராத்திரி காது வரைக்கும் குத்துச்சு. மாத்திரை கேக்கலை. அந்த ரத்தக்கட்டி போய் எலும்பு வெளியே தெரிஞ்சுது. இதைத்தான் டிரை சாக்கெட்னு சொல்றாங்க. டாக்டர் பார்த்ததும் கேட்டாங்க, "சிகரெட் பிடிப்பியாப்பா?" அம்மா முன்னாடியே "ஆமா"ன்னேன். டாக்டர் திட்டலை. குழியைக் கழுவி, கிராம்பு வாசனை அடிக்கிற மருந்தை வெச்சாங்க. "முன்னாடியே எழுதியிருந்தா உனக்குத் தனியா எடுத்துச் சொல்லியிருப்பேனே"ன்னாங்க. அம்மா வீடு வர்ற வரைக்கும் பேசலை. வந்ததும் தயிர்சாதத்தைக் குழைய மசிச்சு முன்னாடி வெச்சாங்க, அவ்வளவுதான்.

ரத்தம் நிக்காம வந்தாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, மூணு நாளுக்கு அப்புறமும் வீக்கம் ஏறினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமா இருந்தாலோ உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க. படிவத்தில் மட்டும் உண்மையை எழுதிடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.