தலையை எண்ணுங்கள், முகத்தை அல்ல

சாலைக்கு வாகனக் கணக்கு இருக்கிறது. பூங்காவுக்கு ஆள் கணக்கு எங்கே?

பெங்களூருவின் லால்பாக் தோட்டத்தில் ஒவ்வொரு மலர்க்காட்சி முடிந்ததும் நாளிதழ்களில் ஒரு கணக்கு வரும்: இத்தனை லட்சம் பேர் வந்தார்கள், டிக்கெட்டில் இவ்வளவு வசூல். பணம் வாங்கும் இடத்தில் கணக்கு தானாகவே வந்துவிடும். ஆனால், 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய, இன்று 240 ஏக்கர் பரப்புள்ள அதே தோட்டத்துக்கு விடியற்காலையில் நடக்க வருகிறவர்களுக்குக் கட்டணம் கிடையாது. அதனால் அவர்கள் டிக்கெட் கணக்கில் வருவதில்லை. அதே நகரில் 1870-இல் உருவான கப்பன் பார்க்கிலோ யாருக்குமே டிக்கெட் இல்லை. அங்கே தினமும் நடப்பவர்கள், படிப்பவர்கள், குழந்தைகளோடு வருபவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் கண்மதிப்புதான்.

அந்தக் கண்மதிப்பு ஏன் போதாது? பெங்களூருவில் திட்டங்களுக்கு நிலம் தேடும்போது காலி இடமாகக் கண்ணில் படுவது பெரும்பாலும் பூங்காதான். 1998-இல் கப்பன் பார்க்கின் ஒரு பகுதியைப் பாதுகாப்பிலிருந்து விலக்க அரசு முனைந்தபோது மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2025-இல் ஹெப்பாள் – சில்க் போர்டு சுரங்கச்சாலைக்காக லால்பாக் நிலம் கேட்கப்பட்டபோதும் எதிர்ப்பு எழுந்தது. இத்தகைய விவாதங்களில் சாலைத் தரப்பு, மணிக்கு எத்தனை வாகனங்கள் என்ற கணக்கோடு வருகிறது. பூங்காவின் தரப்பில் அன்பும் கோபமும் உண்டு, எண்ணிக்கை இல்லை. மரத்தடியில் அமரும் மனிதரும் கணக்கில் வரவேண்டும். அதற்கு ஒரு வழி, வாசலில் பொருத்தும் எண்ணும் சென்சார்.

எப்படி எண்ணுகிறது?

மிக எளியது அகச்சிவப்புக் கதிர். வழியின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத கதிர் ஓடும். ஆள் கடக்கும்போது அது அறுபட, எண் ஒன்று கூடும். அடுத்தடுத்து இரண்டு கதிர்கள் இருந்தால், எது முதலில் அறுபட்டது என்பதை வைத்து உள்ளே வருகிறாரா வெளியே போகிறாரா என்று தெரிந்துவிடும். ஆனால், தோளோடு தோள் சேர்ந்து வரும் இருவரை அது ஒருவராகவே எண்ணும். தலைக்கு மேலே பொருத்தும் வெப்ப உணரிகளும், ஆழம் அறியும் இரட்டைக் கேமராக்களும் இந்தத் தவறைக் குறைக்கும். எதுவானாலும், ஓர் ஆள் நின்று கையால் எண்ணிச் சரிபார்த்த பிறகே அதை நம்பலாம்.

கப்பன் பார்க்கில் இன்னொரு சிக்கல் உண்டு. அதற்குப் பல வாசல்கள்; பூங்காவைக் குறுக்குவழியாகக் கடந்து மெட்ரோவுக்குப் போகிறவர்களும் ஏராளம். ஒருவரே மூன்று முறை கடந்தால் எண் மூன்று. ஆகவே இந்தச் சென்சார் தருவது கடந்தவர் கணக்கே தவிர, வந்து தங்கியவர் கணக்கு அல்ல. இதை மறைக்காமல் சொன்னால்தான் பூங்காவை நடத்தும் துறையின் எண்ணை நம்ப முடியும்.

எல்லா வாசலிலும் வந்தவர் கணக்கிலிருந்து போனவர் கணக்கைக் கழித்தால், இந்த நிமிடம் உள்ளே எத்தனை பேர் என்பது கிடைக்கும். மலர்க்காட்சி நாட்களில் லால்பாக்கின் கண்ணாடி மாளிகையைச் சுற்றி நெரிசல் கூடும்போது இந்த ஒரு எண்ணே உயிர் காக்கக்கூடியது. 2025 ஜூன் 4 அன்று, கப்பன் பார்க்கை ஒட்டிய சின்னசாமி மைதானத்தின் வாசல்களில் ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். சென்சார் மட்டும் கூட்டத்தை நிறுத்திவிடாது; ஆனால், எண் தெரிந்தால்தான் வாசலை எப்போது மூடுவது, எந்த வழியைத் திறப்பது என்று முடிவெடுக்க முடியும்.

எல்லைக்கோடு

எண்ணுவது வேறு, அடையாளம் காண்பது வேறு. முகம் அறியும் கேமராவும், செல்போன் விடும் வைஃபை சிக்னலைப் பிடிக்கும் கருவியும் இரண்டாவது வகை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கைத் தொடுத்தவர் பெங்களூருவாசி, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசாமி. அந்த உயர் நீதிமன்றத்தின் செந்நிறக் கட்டடம் நிற்பது கப்பன் பார்க்கில். காதலர்களும், வீட்டில் இடமில்லாமல் பரீட்சைக்குப் படிக்க வருபவர்களும், வேலை தேடி ஓய்ந்தவர்களும் யாருக்கும் பதில் சொல்லாமல் உட்காரும் இடம் பூங்கா. அங்கே முகத்தைப் பதிவு செய்வது பூங்காவின் இயல்பையே கெடுத்துவிடும்.

எண்ணிக்கை ஒன்றை மட்டும் காட்டாது: யார் வரவில்லை என்பதை. வியன்னா நகரம் 1990-களில் தன் பூங்காக்களைக் கூர்ந்து கவனித்தபோது, ஒன்பது வயதைக் கடந்த சிறுமிகள் அங்கு வருவது வெகுவாகக் குறைந்திருந்தது. பையன்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். இறகுப்பந்துக்கும் வாலிபாலுக்கும் இடம் ஒதுக்கி, பாதைகளைச் சீராக்கி இரண்டு பூங்காக்களை மாற்றியமைத்ததும் சிறுமிகள் திரும்பி வந்தார்கள். இதைக் கண்டுபிடித்தது கதிர் அல்ல, நேரில் பார்த்த மனிதக் கண். நம் பேட்டைப் பூங்காக்களில் மாலையில் பெண் குழந்தைகள் எத்தனை பேர், சக்கர நாற்காலியில் வருபவர்கள் எத்தனை பேர் என்று வார்டுதோறும் ஆண்டுக்கு இருமுறை ஆள் வைத்துப் பார்த்தால், எந்தப் பூங்காவுக்கு விளக்கு வேண்டும், எதற்குக் கழிப்பறை வேண்டும், எந்த வாசலுக்குச் சாய்தளம் வேண்டும் என்பது தெளிவாகும்.

தோட்டக்கலைத் துறையும் மாநகராட்சிகளும் செய்ய வேண்டியது மூன்று. ஆளை அடையாளம் காணாத கருவியை மட்டும் வாங்க வேண்டும். அது என்ன செய்கிறது என்பதை வாசலில் கன்னடத்திலும் தமிழிலும் மற்ற மொழிகளிலும் எழுதி வைக்க வேண்டும். மாதாமாதம் கிடைக்கும் எண்ணைப் பொதுவில் வெளியிட வேண்டும். எண்ணப்பட்டவர்களின் கையில் அந்த எண் இருந்தால், அடுத்த முறை பூங்கா நிலத்தைக் கேட்டு யார் வந்தாலும், அங்கு தினமும் வருகிறவர்களையும் கணக்கில் வைத்தே அவர்கள் பேச வேண்டியிருக்கும்.