செய்தி இன்றையது, படம் எப்போது எடுத்தது?

ஆடி மாதம். கர்நாடகத்தில் நல்ல மழை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோட ஒகேனக்கல் போகலாம்னு கிளம்பிட்டிருக்கீங்க. போனில் செய்தி செயலியைத் திறந்தால் ஒரு தலைப்பு: ‘ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத் தடை நீக்கம்’. பக்கத்திலேயே ஒரு படம்: பாறைகளே தெரியாத அளவுக்குச் செம்மண் நிறத்தில் பாயும் வெள்ளம். இப்போ எதை நம்புவீங்க? தலைப்பையா, படத்தையா?

நம்மில் பலர் படத்தைத்தான் நம்புவோம். ‘எதுக்கு வம்பு’ என்று பயணத்தைத் தள்ளிப் போடுவோம். அன்றைக்குப் பரிசல் ஓட்டுபவருக்கும், கரையில் மீன் வறுத்துத் தருபவருக்கும் ஒருநாள் வருமானம் போய்விடும். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்க. ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது, அமைதியான அருவியின் பழைய படம் வந்தால்? அது உயிருக்கே ஆபத்து.

இத்தனைக்கும் இதில் யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியமில்லை. செய்தி உண்மை, படமும் உண்மை. இரண்டும் வேறு வேறு நாளைச் சேர்ந்தவை, அவ்வளவுதான். செயலிகள் படங்களை எப்படி எடுத்துச் சேமிக்கின்றன என்று தெரிந்தால், இந்தக் குழப்பம் எங்கே தொடங்குகிறது என்பதும் புரிந்துவிடும்.

செய்தியோடை என்றால் என்ன?

நீங்க பயன்படுத்தும் பல செய்தி செயலிகளுக்குச் சொந்தமாக நிருபர்கள் கிடையாது. அவை பல செய்தித் தளங்களிலிருந்து தலைப்புகளைத் திரட்டித் தருகின்றன. அதற்கு அவை பயன்படுத்தும் வழிகளில் ஒன்று ஆர்.எஸ்.எஸ். எனப்படும் செய்தியோடை. 1999-ல் தொடங்கி, 2002-ல் இன்றைய 2.0 வடிவத்துக்கு வந்த ஏற்பாடு இது. மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகமும் தன் இணையதளத்தில் செய்தியோடைகளைத் தருகிறது.

செய்தியோடை என்பது ஒரு பட்டியல். ஒவ்வொரு செய்திக்கும் தலைப்பு, சுருக்கம், முழுச் செய்தியின் இணைப்பு, வெளியான தேதி ஆகியவை வரிசையாக இருக்கும். சர்வரில் இயங்கும் ஒரு நிரல், சில நிமிடங்களுக்கு ஒருமுறை இந்தப் பட்டியலைப் படித்து, புதிதாக வந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

படத்தை எங்கே தேடுகிறது?

தலைப்புக்கும் தேதிக்கும் பட்டியலில் நிலையான இடம் உண்டு. படத்துக்கு அப்படி இல்லை. அதனால் நிரல் பொதுவாக நான்கு இடங்களில் தேட வேண்டியிருக்கும்.

1. ‘என்க்ளோஷர்’ எனப்படும் இணைப்புப் பகுதி. கோப்பின் முகவரி, அளவு, வகை மூன்றும் இதில் இருக்கும். வகை ‘இமேஜ்’ என்றால் அது படம்.
2. ‘மீடியா’ என்று தொடங்கும் கூடுதல் குறிகள். படம், வீடியோவுக்காகவே பின்னால் சேர்க்கப்பட்டவை இவை.
3. செய்திச் சுருக்கத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் படக்குறி.
4. மேலே எதுவும் இல்லையென்றால், முழுச் செய்தியின் பக்கத்துக்கே போய், பகிர்வதற்காக அந்தத் தளம் குறித்து வைத்திருக்கும் முகப்புப் படம். வாட்ஸ்அப்பில் ஒரு இணைப்பை அனுப்பும்போது தோன்றும் சிறு படமும் பெரும்பாலும் இதுதான்.

நான்கிலும் கிடைக்காவிட்டால்? சில செயலிகள் அந்தச் செய்தித் தளத்தின் சின்னத்தைப் போட்டுவிடும். சில, ‘ஒகேனக்கல்’ என்ற சொல்லுக்காக ஏற்கெனவே வைத்திருக்கும் ஒரு பொதுப் படத்தை எடுத்துக் காட்டும். குழப்பத்துக்கான முதல் வாசல் இதுதான்.

சேமிப்பது படத்தை அல்ல, முகவரியை

கிடைத்த படத்தை நிரல் பெரும்பாலும் அப்படியே எடுத்து வைப்பதில்லை. அதன் இணைய முகவரியை மட்டும் தரவுத்தளத்தில் எழுதி வைக்கிறது. காரணம் எளிது. ஒரு சாதாரணப் படம் 200 கேபி இருக்கலாம். 150 எழுத்துகள் கொண்ட இணைய முகவரிக்கு 150 பைட் போதும். ஒரு படம் பிடிக்கும் இடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முகவரிகளை வைத்துவிடலாம். அதோடு, புகைப்படத்துக்கு 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. உரியவரிடம் கேட்காமல் நகலெடுத்து வைத்தால் சட்டச் சிக்கல் வரலாம்.

தரவுத்தளத்தை ஒரு பெரிய பதிவேடு என்று நினைச்சுக்கோங்க. ஒரு செய்திக்கு ஒரு வரி. தலைப்பு, செய்தியின் இணைப்பு, படத்தின் முகவரி, தேதி என்று கட்டங்கள். ஒரே செய்தி இரண்டு முறை ஏறிவிடாமல் இருக்க, ஒவ்வொரு செய்திக்கும் ஒரு அடையாளக் குறி. ரேஷன் கார்டுக்கு ஒரு எண் இருப்பது மாதிரிதான்.

முகவரியை மட்டும் வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. விலாசம் அப்படியே இருக்கும், வீட்டில் குடியிருப்பவர் மாறிவிடலாம். செய்தித் தளம் அந்தப் படத்தை நீக்கினால் உங்கள் திரையில் வெற்றுக் கட்டம் வரும். அதே முகவரியில் வேறு படத்தை ஏற்றினால், போன மாதச் செய்திக்கு இந்த மாதப் படம் தெரியும்.

வழியில் விழும் இரண்டு சொற்கள்

எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம் இதுதான். பரிசல் தடை நீங்கியது என்ற செய்தி வரும்போது, செய்தித்தாள் அலுவலகத்தில் அன்றைய படம் கையில் இருக்காது. அதனால் பழைய படத்தைப் போட்டு, கீழே ‘கோப்புப் படம்’ என்று நேர்மையாக எழுதுவார்கள். அச்சிட்ட தாளில் அந்த இரண்டு சொற்களும் படத்தோடு ஒட்டியே இருக்கும்.

ஆனால் செய்தியோடையில் படத்தின் முகவரி மட்டும் போகும்போது, அந்தச் சொற்கள் வழியிலேயே விழுந்துவிடுகின்றன. படக்குறிப்பைச் சேர்த்து அனுப்ப வசதி இருந்தாலும், எல்லாத் தளங்களும் அதை நிரப்புவதில்லை; எல்லா நிரல்களும் அதைப் படிப்பதில்லை. தேதிக் கட்டத்தில் இருப்பதும் செய்தி வெளியான தேதிதான், படம் எடுத்த தேதி அல்ல. செயலி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவுடன், ‘இது இன்றைக்கு எடுத்த படம்’ என்று நம் கண் முடிவு செய்துவிடுகிறது. பிறகு யாராவது அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால், மிச்சமிருந்த செய்தித் தேதியும் காணாமல் போய்விடும்.

ஒகேனக்கல் விஷயத்தில் இந்தக் குழப்பத்துக்கு வாய்ப்பு அதிகம். 2018, 2022, 2024 போன்ற ஆண்டுகளில் இங்கு நீர்வரத்து விநாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. அந்த ஆண்டுகளின் வெள்ளப் படங்கள் பார்ப்பதற்கு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். எந்த ஆண்டு எடுத்தது என்று உள்ளூர்க்காரர்களே தடுமாறலாம்.

அப்போ எதைப் பார்ப்பது?

ஒகேனக்கல் நிலவரத்தைச் சொல்வது எண்ணும் நேரமும்தான். தமிழக எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் காவிரியின் நீர்வரத்தை அளவிடுகிறது. அந்த அளவைக் கவனித்தே, குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை விதிப்பதையும் விலக்குவதையும் தருமபுரி மாவட்ட நிர்வாகம் அறிவிக்கிறது. செய்தியில் ‘காலை நிலவரப்படி இத்தனை கன அடி’ என்று இருக்கிறதா, எந்தத் தேதியின் காலை என்று பாருங்க.

தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சசெத்’ தளமும் எச்சரிக்கைகளைச் செய்தியோடையாகவே தருகிறது. எச்சரிக்கை எப்போது வெளியானது, எதுவரை பொருந்தும் என்பதற்கு அதில் தனிக் கட்டங்கள் உண்டு. செய்திப் படத்துக்கும் இப்படி ஒரு கட்டம் இருந்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

நீங்களே செயலி செய்கிறீர்களா?

ஊர்ச் செய்திகளைத் திரட்டும் சின்னச் செயலியைக் கல்லூரி மாணவர்களே இன்று செய்துவிட முடியும். பைத்தான் மொழியும் எஸ்.க்யூ.லைட் தரவுத்தளமும் இலவசம். செய்வதாக இருந்தால், படத்தின் முகவரியோடு இன்னும் நான்கு கட்டங்களைச் சேருங்க: படக்குறிப்பு, படத்துக்கு உரியவர், செய்தியின் தேதி, உங்கள் நிரல் அதை எடுத்த நேரம். படம் கிடைக்கவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடுங்க. தவறான படத்தைவிட வெற்றிடம் மேல். படக்குறிப்பு இல்லாத படத்தின் மேல் ‘படம் எடுத்த நாள் தெரியவில்லை’ என்று ஒரு வரி போடுவதற்குச் செலவு எதுவும் இல்லை.

பகிரும் முன் இதைச் செய்யுங்க

• செயலியில் தெரியும் சிறு படத்தோடு நிற்காமல், செய்தியைத் தொட்டு முழுப் பக்கத்துக்குப் போங்க. ‘கோப்புப் படம்’ என்ற சொற்கள் அங்கே இருக்கலாம்.

• சந்தேகம் இருந்தால் கூகுள் லென்ஸில் படத்தைக் கொடுத்துத் தேடுங்க. அதே படம் முந்தைய ஆண்டுச் செய்தியில் இருந்தால் தெரிந்துவிடும்.

• ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பாதீங்க, செய்தியின் இணைப்பை அனுப்புங்க. படிப்பவர் தேதியைத் தானே பார்த்துக்கொள்வார்.

• வெள்ளம், மழை பற்றி உடனடியாகத் தெரிந்துகொள்ள மாவட்ட அவசரகால எண் 1077, மாநில எண் 1070. இரண்டையும் போனில் பதிந்து வைங்க.

• அரசு தொடர்பான தகவலில் சந்தேகம் என்றால், தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம் வெளியிடும் விளக்கங்களைப் பாருங்க.

அடுத்த முறை பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீங்க. அன்றைய கன அடி எவ்வளவு, தடை இருக்கிறதா இல்லையா என்று ஒரு நிமிடம் விசாரிச்சுட்டுக் கிளம்புங்க.