வள்ளிக்கு மை தீட்டும் நேரம்

சத்தம் போடாமல் என் பின்னாலேயே வாருங்கள். தலையைக் குனிந்துகொள்ளுங்கள், மூங்கில் இடிக்கும். நார்த்தாமலைப் பக்கம் ஒரு கிராமம். மாரியம்மன் திருவிழா. இரவு பத்து மணிக்கு ‘வள்ளி திருமணம்’. ஊர் ஜனம் மேடைக்கு முன்னால் பாயும் சாக்கும் விரித்து இடம் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாம் மட்டும் மேடைக்குப் பின்னால், கீற்றுத் தட்டிக்குள்! இந்த இடத்தைப் பார்க்க எனக்கு எத்தனை வருஷ ஆசை தெரியுமா?

முருகனின் கிரீடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக வீற்றிருக்கிறது. பக்கத்தில் தண்ணீர் கேன். கொடியில் ஜிகினா ஜாக்கெட், நாரதரின் காவி வேட்டி, பபூனின் கோடு போட்ட டிரவுசர் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. கிழவன் வேஷத்துக்கான வெள்ளைத் தாடி ஒரு பையின் கைப்பிடியில் ஆடிக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு டேபிள் ஃபேன். அது யார் பக்கம் திரும்புவது என்று சின்னப் பஞ்சாயத்து. “ஸ்திரீபார்ட் பக்கம் வைங்கப்பா, மேக்கப் கரையுது” என்று ஆர்மோனியக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இனிமேல்தான் ஆச்சரியம். இவர்கள் ஒரே குழு இல்லை! இது ஸ்பெஷல் நாடகம். ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகப் பேசி, தனித்தனியாக அட்வான்ஸ் கொடுத்து வரவழைப்பார்கள். முருகனாக நடிக்கும் ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து பைக்கில் வந்தார். வள்ளியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் மதுரையிலிருந்து பஸ்ஸில். பபூன் திண்டுக்கல். விடிய விடியக் காதலிக்கப்போகிற இருவரும் இப்போதுதான் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். ஒத்திகை கிடையாது. டைரக்டர் கிடையாது. நாரதர் வேஷக்காரரும் வள்ளியும் பேசிக்கொண்டது இவ்வளவுதான்:

“அண்ணே, எனக்குச் சுருதி அஞ்சு கட்டை. தர்க்கத்துல ரொம்ப இழுத்துராதீங்க, நாளைக்கும் நாடகம் இருக்கு.”

“நீ விட்டாத்தானம்மா நான் நிறுத்த முடியும்!”

தட்டிக்குள் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆள் பிடிப்பதில்தான் எத்தனை விதம்! ஹாலிவுட்டில் 1939-இல் வந்த ‘கான் வித் த விண்ட்’ படத்துக்கு ஸ்கார்லெட் என்ற பிடிவாதக்காரி தேவைப்பட்டாள். இரண்டு வருஷம் தேடி, நம் டார்ஜிலிங்கில் பிறந்த விவியன் லீயைப் பிடித்தார்கள். நம் வள்ளிக்கு ஒரு போன் போதும். தேதி காலியா, சரி, வந்துவிடுகிறேன். முடிந்தது!

வள்ளி மேக்கப் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கிடைத்தது. மூங்கில் காலில் கயிறு போட்டுக் கட்டிய கைக்கண்ணாடி. கீழே விரித்த பழைய சேலையில் ரோஸ் பவுடர், மை டப்பா, ஜரிகைத் துண்டுகள். நெற்றியில் முத்து முத்தாக வேர்க்கிறது. துண்டின் நுனியால் ஒற்றி ஒற்றி அதன்மேலேயே பூசுகிறார். வாயில் நாலைந்து சேஃப்டி பின். அதைக் கடித்தபடியே பேச்சு, சிரிப்பு எல்லாம். இடது கண்ணுக்கு மை இழுத்து முடித்த நேரத்தில் போன் அடிக்கிறது. வீட்டிலிருந்து மகள். “ஹால் டிக்கெட்டை எடுத்து வச்சியா? பேனா ரெண்டு வச்சுக்க. படுத்துத் தூங்கு, காலையில வந்துருவேன்.” போனை வைத்தார், வலது கண்ணுக்கு மை இழுத்தார். ஒரு கோணல் இல்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிருதங்கக்காரர் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டே நம்மைப் பிடித்து வைத்துப் பெருமை பேசுகிறார். பேசட்டுமே, விஷயம் உண்மைதான். இந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளுக்கு (1867–1922) லயம் சொல்லிக்கொடுத்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மகான். நாடகக் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்து, பிறகு 1940-இல் ‘உத்தமபுத்திரன்’ படத்தில் இரட்டை வேஷம் போட்ட பி.யு. சின்னப்பாவும் புதுக்கோட்டைதான். “இது தாளம் தெரிஞ்ச மண்ணு தம்பி, இங்க தப்பா அடிச்சா பாயில உக்காந்திருக்கிற பாட்டியே சொல்லிரும்!”

சூடம் ஏற்றி ஆர்மோனியத்துக்குக் காட்டினார்கள். எல்லோரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். முதலில் பபூனும் டான்ஸும். வெளியே ஊர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறது. உள்ளே வந்த பபூன் பனியனைக் கழற்றிப் பிழிகிறார், தண்ணீராய்க் கொட்டுகிறது! முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே, “கடைசியில குதிச்சேன்ல, அதுக்குக் கை தட்டினாங்களா?” என்று கேட்டார். தட்டினார்கள் அண்ணே, நன்றாகத் தட்டினார்கள்.

நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. நாரதர் தர்க்கம். இதற்குத்தான் ஊர் கண் விழித்திருக்கிறது. படுதா ஓரம், ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொள்ளுங்கள். தினைப்புனத்தில் பரண்மேல் வள்ளி காவல் நிற்கிறாள். வயசுப் பெண் காட்டில் தனியாக நிற்கலாமா என்று நாரதர் கொக்கி போடுகிறார்.

“காவல் என் வேலை. என் வேலையை நான் பார்க்கிறேன். தாங்கள் எந்த வேலையாக வந்தீர்கள் சுவாமி?”

விசில்! நாரதர் புராணத்தை இழுக்கிறார், அவள் பதிலுக்கு இன்னொன்றை இழுக்கிறாள். அவர் ராகம் மாற்றுகிறார், அவள் அதே ராகத்தில் ஒரு படி மேலே ஏறுகிறாள். ஆர்மோனியக்காரர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தே விரல் ஓட்டுகிறார். எழுதி வைத்த பாட்டு உண்டு, ஆனால் இடையில் வரும் வசனத்தில் பாதி இன்றைக்குப் பிறந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. ஸ்கார்லெட் இந்தப் பரண்மேல் ஏறினால் நம் வள்ளிக்கு முன்னால் அரை மணி நேரம் தாங்க மாட்டாள்!

உள்ளே வந்த நாரதர் மூச்சு வாங்குகிறார், முகமெல்லாம் பூரிப்பு. “அந்தப் பதில் புதுசும்மா. எங்க பிடிச்ச?” வள்ளி பனங்கற்கண்டு போட்ட வெந்நீரை ஊதிக் குடித்தபடி, “நீங்க கேட்ட கேள்வியிலதான் அண்ணே இருந்துச்சு” என்கிறார்.

அடுத்தது ராஜபார்ட்டின் ஓட்டம். வேடன் வேஷத்தில் உள்ளே வந்தவர் ஒரு பாட்டு முடிவதற்குள் விருத்தனாக வெளியே போக வேண்டும். ஒருவர் தாடியைக் காதில் மாட்ட, ஒருவர் இடுப்பில் வேட்டி சுற்ற, கோலைக் காணோம்! ஃபேனுக்கு அடியில் கிடந்தது. முதுகை வளைத்துக்கொண்டு போன அந்தக் கிழவரின் நடுக்கத்தைப் பார்த்தீர்களா? வள்ளியை மிரட்ட வரும் யானை யார் என்கிறீர்கள்? தைலம் தேய்த்த நம் பபூன்தான். மைக்கை வாயோடு வைத்துப் பிளிறுகிறார், முன்வரிசைக் குழந்தைகள் விழித்துக்கொண்டன.

விடியற்காலையில் கல்யாணம். மாலை மாறியதும் நிஜக் கல்யாண வீடு மாதிரி அட்சதை விழுகிறது. தட்டிக்குள் முருகன் தேங்காய் எண்ணெயால் முகம் துடைக்கிறார். வள்ளி சம்பளத்தை எண்ணிப் பர்ஸில் வைத்து, முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

பங்குனி, சித்திரை, வைகாசியில் புதுக்கோட்டைச் சீமைப் பக்கம் வந்தால், நடிகர்கள் படம் போட்ட நாடக நோட்டீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். ஒட்டியிருந்தால் ஒரு பாயோடு போய் உட்காருங்கள். காமெடி முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள், தர்க்கம் வரைக்கும் இருங்கள். வள்ளி ஜெயிக்கும்போது பலமாகக் கை தட்டுங்கள். தட்டிக்குப் பின்னால் அது நன்றாகவே கேட்கிறது.