பட்டனை அமுக்கினா மட்டும் போதாது! எக்ஸ்ரே படிப்பில் சேரும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

பண்ருட்டி:
பலா மரத்தில் இருந்து தவறி விழுந்தாலும் சரி, விக்கிரவாண்டி-தஞ்சாவூர் ரோட்டில் பைக் மோதினாலும் சரி, ஆஸ்பத்திரியில் முதலில் எழுதிக் கொடுப்பது எக்ஸ்ரே சீட்டுதான். நெய்வேலி சுரங்கத் தொழிலாளர்களின் மருத்துவப் பரிசோதனையிலும் நெஞ்சு எக்ஸ்ரே உண்டு. ஆனால் எக்ஸ்ரே எடுப்பவரை 'பட்டன் அமுக்குறவர்' என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ரேடியோகிராபர் எனப்படும் அந்த வேலைக்கு பிளஸ்-2 முடித்த பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் படிக்கிறார்கள்.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவ பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பி.எஸ்சி. ரேடியோகிராபி படிப்பு 3 ஆண்டு. அதன்பிறகு ஓராண்டு ஆஸ்பத்திரியில் கட்டாயப் பயிற்சி. இது தவிர 2 ஆண்டு டிப்ளமோவும், ஓராண்டு சான்றிதழ் படிப்பும் இருக்கின்றன. சென்னை அரசு பொது மருத்துவமனை வளாகத்தில் 1934-ல் திறக்கப்பட்ட பர்னார்டு கதிரியல் நிலையம் இந்தத் துறையில் பழம்பெரும் இடம். பண்ருட்டிக்காரர்களுக்கு பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது. அங்கே நீட் மதிப்பெண் கேட்பார்கள்.

வகுப்பில் உடற்கூறும் இயற்பியலும்தான் முக்கியம். வீட்டு கரண்ட் 230 வோல்ட். எக்ஸ்ரே குழாய்க்குப் போவது 50 ஆயிரம், 1 லட்சம் வோல்ட். அதில் 99 சதவீதம் சூடாகவே போய்விடும். மிச்சம் ஒரு சதவீதம்தான் எக்ஸ்ரே கதிர்!

நிஜமான படிப்பு நோயாளி முன்னால்தான் தொடங்குகிறது. நெஞ்சு எக்ஸ்ரேக்கு சுமார் 6 அடி தூரத்தில் குழாயை வைத்து, நெஞ்சை பலகையில் ஒட்டி நிற்கச் சொல்வார்கள். இதயம் நெஞ்சின் முன்பக்கம் இருக்கிறது. திருப்பி நிறுத்தினால் படத்தில் பெரிதாகத் தெரிந்து டாக்டரையே குழப்பிவிடும். தோளை முன்னால் தள்ளச் சொல்வது, தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்காமல் இருக்க. 'மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க' என்பது நுரையீரல் விரிய. கை முறிந்து வந்தால் ஒரு படம் போதாது. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. மணிக்கட்டும் முழங்கையும் சேர்ந்து விழ வேண்டும். வலது, இடது அடையாளம் மாறினால் வேறு காலில் கத்தி வைக்கும் ஆபத்து! வலியில் துடிக்கிறவரிடம் இதையெல்லாம் செய்வது புத்தகத்தைப் படித்து வராது.

இப்போது கம்ப்யூட்டர் எக்ஸ்ரே வந்துவிட்டது. வேலை சுலபம்தான். ஆனால் ஒரு வம்பும் கூடவே வந்திருக்கிறது. பழைய பிலிமில் கதிர் அதிகமானால் படம் கறுத்து, தப்பு உடனே தெரியும். கம்ப்யூட்டரோ அதைச் சரிசெய்து அழகாகக் காட்டிவிடும். நோயாளி உடம்பில் தேவைக்கு மேல் கதிர் போனது யாருக்கும் தெரியாது. அளவைக் குறைத்து வைக்கும் பழக்கத்தை பயிற்சியிலேயே கற்றாக வேண்டும்.

கதிர் பயம்

'எக்ஸ்ரே ரூமுக்குப் போனா பொண்ணுக்கு குழந்தை பிறக்காது' என்று பயப்படும் பெற்றோர் உண்டு. ஒரு காலத்தில் ஆபத்து இருந்தது நிஜம். 1895-ல் ஜெர்மனியில் ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். அமெரிக்காவில் எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி தன் கைகளையே கதிரில் காட்டிக் காட்டி சோதித்தார். புண்ணாகி கைகளை இழந்து 1904-ல் செத்தே போனார். இன்று தடுப்புக்குப் பின்னால் நின்றுதான் பட்டனை அமுக்குகிறார்கள். காரீயக் கவச உடையும் உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் கதிர் நாலில் ஒரு பங்காகிவிடும். ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் நோயாளிக்கே 0.1 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவுதான். விதிப்படி வேலை செய்பவர் மீது படும் அளவுக்கெல்லாம் மலட்டுத்தன்மை வராது. கர்ப்பம் என்று தெரிந்தால் உடனே மேலதிகாரியிடம் சொல்லி வேலையை மாற்றிக்கொள்ளலாம்.

பணம் கட்டும் முன்

'சீக்கிரம் முடிக்கலாம், வேலை கேரண்டி' என்ற நோட்டீசைப் பார்த்து பணம் கட்டிவிட வேண்டாம். பல்கலைக்கழக அங்கீகாரமோ அரசு அங்கீகாரமோ இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் அரசு வேலைக்குப் போக அது இல்லாமல் முடியாது. எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை மாதம் பயிற்சி என்றும் கேளுங்கள். எக்ஸ்ரே மிஷினே பார்க்காமல் சான்றிதழ் வாங்கி என்ன பிரயோஜனம்?

இன்னொன்று, டி.எல்.டி. பேட்ஜ். உடம்பில் பட்ட கதிரை அளக்கும் இந்தச் சின்ன அட்டையை கவச உடைக்கு உள்ளே நெஞ்சில் மாட்ட வேண்டும். 3 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய விதிப்படி ஊழியருக்கு எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டை தாண்டக்கூடாது. 5 ஆண்டு சராசரி 20-க்குள் இருக்க வேண்டும். பிளஸ்-2 முடித்து 17 வயதிலேயே பயிற்சிக்கு வருபவர்களுக்கு ஆண்டுக்கு 6 தான்.