ஆங்கில நாட்டுக் கிராமத்து மாவாலை

வடநாட்டு நகரங்களில் குடியேறியுள்ள நம்மவர்க்குக் கோதுமை மாவரைக்கும் 'சக்கி' புதியதன்று. தகர டப்பாவில் கோதுமையை நிரப்பிக்கொண்டு தெருக்கோடிக்குச் சென்று, முறை வரும்வரை காத்து நின்று, சூடு ஆறாத மாவைச் சுமந்துகொண்டு திரும்பிய அனுபவம் நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. அங்கே நிற்கும்போது நம் கண் எங்கே இருக்கும்? நம்முடைய கோதுமைதான் நமக்கு மாவாக வருகிறதா, முன்னவருடைய மட்டமான தானியம் அதனோடு கலந்துவிட்டதா, எடை குறைகிறதா என்பதிலேயே இருக்கும். இந்த ஐயம் மிகப் பழையது. ஆங்கில நாட்டுக் கிராம மக்கள் பல நூற்றாண்டுகளாக இதே ஐயத்தோடுதான் ஆலை வாயிலில் நின்றார்கள். அந்த ஆலைகளைப் பற்றியும், ஊரார் அவற்றை நினைவில் வைத்திருக்கும் விதத்தைப் பற்றியும் இங்கே சிறிது கூற விழைகிறோம்.

ஆங்கிலக் கிராமத்து ஆலை என்றவுடன், கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றவர்க்கு ஜார்ஜ் எலியட் 1860-இல் எழுதிய 'தி மில் ஆன் தி ஃபிளாஸ்' என்னும் நாவல் நினைவுக்கு வரலாம். ஓவியங்களில் பற்றுடையோர் ஜான் கான்ஸ்டபிளை நினைப்பர். 1776-இல் சஃபோக் மாவட்டத்தில் பிறந்த அவர் ஓர் ஆலைக்காரரின் மைந்தர். ஃபிளாட்ஃபோர்டிலும் டெடமிலும் இருந்த நீராலைகள் அவர் தந்தையின் உடைமை. இளமையில் தாமும் ஆலைத் தொழில் பயின்றவராதலால், அவர் தீட்டிய காற்றாலைகள் உண்மையாகவே சுழலக்கூடியவை என்று தொழிலறிந்த அவருடைய தம்பியே மெச்சினாராம். ஆயினும் ஓவியத்தில் நாம் காண்பது அமைதி: தெளிந்த நீர், நிழல் தரும் மரம், வண்டியில் பூட்டிய குதிரை. ஆலையைக் குறித்த ஊராரின் பழைய நினைவு இவ்வளவு அமைதியானதன்று.

இங்கிலாந்தை வென்ற நார்மானிய மன்னர் வில்லியம், தம் குடிகளின் நிலத்தையும் உடைமையையும் கணக்கெடுத்து 1086-இல் ஒரு பதிவேடு தொகுக்கச் செய்தார். டூம்ஸ்டே ஏடு என்று அதனைக் கூறுவர். அதில் ஏறத்தாழ 6,000 ஆலைகள் குறிக்கப்பட்டுள்ளன. காற்றாலை அந்நாட்டிற்கு வந்தது அதன் பிறகு, 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். எனவே அவை பெரும்பாலும் ஓடை நீரால் இயங்கியவை. சில ஆலைகளுக்குரிய குத்தகை காசாக மட்டுமன்றி விலாங்கு மீனாகவும் கணக்கிடப்பட்டிருப்பதைக் காண்கிறோம். ஆலைக்கென நீரைத் தேக்கிய மடுவில் விலாங்கு நிறைந்திருந்தது. ஆதலால் இது வியப்பன்று.

நீரும் ஓடையும் இயற்கை தந்தவை. ஆனால் ஆலை பிரபுவினுடையது, அல்லது மடாலயத்தினுடையது. அணை கட்டவும் கல் வாங்கவும் பெரும்பொருள் வேண்டும். அதைச் செலவிட்டவர் திரும்பப் பெற ஓர் ஏற்பாட்டைக் கண்டார். தம் நிலத்தில் வாழும் குடிகள் தம் ஆலையிலேயே தானியத்தை அரைக்க வேண்டும். வேறிடத்தில் அரைத்தால் தண்டனை. அரைகூலியும் காசன்று, மூட்டையிலிருந்தே ஒரு பங்கு எடுத்துக்கொள்ளப்படும். பதினாறில் ஒன்று என்பது பல இடங்களில் வழக்கம். மிகுதியாக எடுத்த இடமும் உண்டு, குறைவாக எடுத்த இடமும் உண்டு. ஸ்காட்லாந்திலும் இத்தகைய கட்டு இருந்தது. அதனைப் பணமாக மாற்றித் தீர்த்துக்கொள்ளச் சட்டம் வழிசெய்தது 1799-இல்தான். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இந்த வழக்கத்திற்கு நேரான ஒரு தமிழ்ச் சொல் அகப்படவில்லை. 'ஆலைக்கட்டு' என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இக்கட்டை மீற விரும்பியவர்க்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று காற்று. 1191-இல் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்னும் ஊரில் ஹெர்பர்ட் என்ற சமயப் பணியாளர் ஒரு காற்றாலையை எழுப்பினார். மடத்துத் தலைவர் சாம்சனுக்குச் சினம் பொங்கியது. காற்று எல்லோர்க்கும் பொதுவன்றோ, அதன் பயனை ஒருவர்க்கு எப்படி மறுக்கலாம் என்று ஹெர்பர்ட் வாதாடினார். தம் தானியத்தை மட்டுமே அரைத்துக்கொள்வதாகவும் கூறினார். சாம்சன் இசையவில்லை. நகரத்தார் தம் ஆலையை விட்டு அங்கே போய்விடுவர் என்பதே அவர் அச்சம். இடிக்க ஆள் வருமுன் ஹெர்பர்ட் தாமே ஆலையைப் பிரித்துவிட்டார். வந்தவர்கள் இடிப்பதற்கு ஒன்றும் காணாமல் திரும்பினர். அம்மடத்துத் துறவி ஜாஸ்லின் என்பவர் எழுதிவைத்த நாளாகமத்தில் இச்செய்தி காணப்படுகிறது.

மற்றொரு வழி, நம் பாட்டிமார் அறிந்த வழி: வீட்டுத் திருகை. மூலையில் வைத்துக் கையால் சுற்றினால் யாருக்கும் பங்கு கொடுக்க வேண்டுவதில்லை. இதனாலேயே திருகை பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. லண்டனுக்கு வடக்கே உள்ள செயின்ட் ஆல்பன்ஸ் நகரத்தார் தங்கள் வீடுகளில் திருகை வைத்துக்கொள்ளும் உரிமைக்காக மடத்தோடு நெடுங்காலம் போராடினர். 1330-களில் மடத்தின் தலைவராயிருந்த வாலிங்ஃபோர்டு ரிச்சர்டு என்பவர் சிறந்த கணித அறிஞர். வியத்தகு கடிகாரம் ஒன்றை வகுத்தவர். அவ்வளவு அறிவுடைய அவரே வீடுதோறும் இருந்த திருகைக் கற்களைப் பறித்து, மடத்தின் கூடத்தில் தளக்கல்லாகப் பதித்துவிட்டார். ஊரார் அங்கே வரும்போதெல்லாம் தங்கள் வீட்டுக் கல்லின் மேலேயே நடக்க நேர்ந்தது.

இந்த அவமதிப்பை நகரம் மறக்கவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. கல்லைப் பறிகொடுத்தவர்களுள் பெரும்பாலோர் மாண்டிருப்பர். அவர்களுடைய மக்களும் பேரன்மாரும் அக்கதையைக் கேட்டு வளர்ந்தனர். 1381-இல் இங்கிலாந்தெங்கும் குடியானவர் கிளர்ச்சி மூண்டபோது, செயின்ட் ஆல்பன்ஸ் மக்கள் மடத்துக்குள் புகுந்து அந்தத் தளத்தைத் தோண்டினர். கற்களை உடைத்து, ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் மந்திரித்த அப்பத்தைப் பகிர்வது போல, ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டு வீடு திரும்பினர். உடைந்த துண்டினால் மாவரைக்க இயலாது என்பது அவர்களுக்குத் தெரியும். கிளர்ச்சி சில வாரங்களில் ஒடுக்கப்பட்டது, தலைவர்கள் தூக்கிலிடப்பட்டனர். அக்காலத்துக் கவிஞர் சாசர் தம் கதைத் தொகுதியில் வரும் ஆலைக்காரனைத் தானியம் திருடுபவனாகவும், ஒரு பங்குக்கு மூன்று பங்கு எடுப்பவனாகவும் காட்டியதில் புதுமை ஒன்றுமில்லை.

ஆனால் ஆலைக்காரன் கள்வன் என்பதோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. அவனுடைய தொழில் எளிதன்று. மேற்கல்லின் குறுக்களவு ஏறத்தாழ 4 அடி. எடை ஒரு டன்னை நெருங்கும். கீழ்க்கல் அசையாது. இரண்டுக்கும் நடுவே விடப்படும் இடைவெளி மெல்லிய தாளின் கனமே. கல்லோடு கல் உரசினால் தீப்பொறி பறக்கும். மாவுத் தூசி நிறைந்த மரக்கட்டடத்தில் அது போதும். ஆதலால் மேலுள்ள பெட்டியில் தானியம் குறைந்தவுடன் தானாகவே ஒலிக்கும் மணி ஒன்றை அமைத்திருந்தனர். தானியத்தைச் சிறிது சிறிதாக உதிரச் செய்வதற்குக் கல்லோடு சுழலும் ஒரு தண்டு, சரிவுப் பலகையை இடைவிடாமல் தட்டிக்கொண்டிருக்கும். கல் விரைந்தால் தட்டலும் விரையும். தானியமும் மிகுதியாக விழும். ஓயாது சளசளக்கும் இந்தத் தண்டுக்கு ஆலைக்காரர் இட்ட பெயர் 'கன்னிப்பெண்' என்று பொருள்படும். அதற்குமுன் பல்லாயிரம் ஆண்டுகள் கையால் மாவரைத்த பெண்களைக் கேட்டிருந்தால் அவர்கள் வேறு பெயர் வைத்திருக்கக்கூடும்.

நம் ஊர்களில் அம்மி கொத்துவோர் தெருவில் கூவி வருவது போல, அந்நாட்டிலும் ஆலைக்கல் கொத்துவோர் ஊர் ஊராகச் சென்றனர். கல்லில் வெட்டிய வரிகள் சில வாரங்களில் மழுங்கிவிடும். மேற்கல்லைத் தூக்கிப் புரட்டி, முழங்கையை ஊன்றிச் சாய்ந்து, எஃகு உளியால் வரிவரியாகக் கொத்த வேண்டும். உளியினின்று தெறித்த துணுக்குகள் கையில் புதைந்து நீலப் புள்ளிகளாக நிலைத்துவிடும். வேலை தேடி வந்த அயலானிடம் ஆலைக்காரர் சான்றிதழ் கேட்பதில்லை. கையை நீட்டச் சொல்வார்.

காற்றாலைகளுள் பழமையானது, கட்டடம் முழுவதும் ஒரே தூணின் மேல் நிற்கும் வகை. காற்று திசை மாறினால் பின்புறம் நீண்டுள்ள கம்பைத் தள்ளி, ஆலையையே திருப்ப வேண்டும். இரவில் புயல் எழுந்தால் ஆலைக்காரனுக்கு உறக்கமில்லை. எட்மண்ட் லீ என்பவர் 1745-இல் உரிமம் பெற்ற சிறு வால்விசிறி வந்தபிறகே ஆலை தானாகத் திரும்பக் கற்றது. சர்ரே மாவட்டத்து அவுட்வுட் என்னும் சிற்றூரில் 1665-இல் கட்டிய இத்தகைய தூண் ஆலை ஒன்று இருக்கிறது. கட்டிய மறு ஆண்டில் லண்டன் மாநகரைப் பெருந்தீ அழித்தபோது, ஊரார் அந்த ஆலையின் மேல் ஏறி, தொலைவில் வானம் சிவந்ததைக் கண்டார்கள் என்று அங்கே வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். பின்னர் ஆலைக் குடும்பத்தில் பிணக்கு நேர்ந்து, பக்கத்திலேயே வேறொரு பெரிய ஆலை எழுந்தது. பங்காளிக் காய்ச்சல் எந்நாட்டிலும் உண்டு போலும்! போட்டிக்கு எழுந்த அது 1960-இல் சரிந்து வீழ்ந்தது, பழையது நிற்கிறது.

பிரபுவின் பிடி தளர்ந்த பின்னரும் பூசல் ஓயவில்லை. 1795-இல் விளைச்சல் குன்றி, பிரெஞ்சுப் போரும் சேர்ந்து ரொட்டி விலை ஏறியபோது, ஹல் நகரத்து ஏழை மக்கள் நகரத் தலைவரிடம் விண்ணப்பம் செய்து, காசு சேர்த்துத் தங்களுக்கெனவே ஓர் ஆலை அமைத்துக்கொண்டனர். கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒன்றாக இதனை எண்ணலாம். செயின்ட் ஆல்பன்ஸ் மக்கள் கல்துண்டோடு வீடு திரும்பி நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு, ஏழைகளின் கையில் முழுக்கல்லே வந்து சேர்ந்தது.

அந்தோ, கல்லின் காலமே முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது! லண்டனில் நீராவியால் இயங்கிய ஆல்பியன் ஆலை 1791-இல் எரிந்தபோது மற்ற ஆலைக்காரர்கள் பாலத்தின் மேல் கூடிக் கொண்டாடினார்கள். ஆனால் நீராவி நிற்கவில்லை. 1846-இல் தானிய இறக்குமதிச் சட்டங்கள் நீக்கப்பட்டன. அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. சூயஸ் கால்வாயும் இருப்புப் பாதையும் திறந்தபின் நம் பஞ்சாபின் கோதுமையும் கராச்சி வழியே சென்றது. 1880-களில் துறைமுகங்களில் எழுந்த உருளை ஆலைகள், தவிட்டையும் முளையையும் அறவே நீக்கி, வெண்மையான, நெடுநாள் கெடாத மாவைத் தந்தன. கிராமத்து ஆலைகள் மாட்டுத் தீவனம் அரைத்துச் சிலகாலம் பிழைத்தன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

அவை நின்ற பிறகே ஊராரின் மனம் மாறியது. பர்மிங்ஹாம் அருகே சேர்ஹோல் என்னும் இடத்தில் ஒரு நீராலை உண்டு. 1896 முதல் 1900 வரை அதன் அண்டையில் வாழ்ந்த சிறுவர் டோல்கியனும் அவர் தம்பியும் அங்கே விளையாடச் செல்வர். அந்நாளில் அங்கே உரத்திற்காக எலும்பும் அரைக்கப்பட்டது. வெண்தூசி படிந்து நின்ற இளைய ஆலைக்காரனை அவர்கள் 'வெள்ளை அரக்கன்' என்று அழைத்து ஓடினார்களாம். அச்சிறுவரே பின்னாளில் 'லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிப் புகழ் பெற்றார். அக்கதையில் ஊரின் பழைய ஆலை இடிக்கப்பட்டு, ஓடையைக் கெடுக்கும் புதிய ஆலை எழுவதை வாசகர் மறவார். சேர்ஹோல் ஆலை இடிபடும் நிலைக்கு வந்தபோது அண்டையிலிருந்தோர் திரண்டு காத்தனர். டோல்கியனும் பொருளுதவி செய்தார். 1969-இல் அது காட்சிசாலையாகத் திறக்கப்பட்டது. காற்றாலைகளைக் காக்கவென்றே பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் ஒரு தனிப்பிரிவை 1931-இலேயே அமைத்திருந்தது.

ஒரு காலத்தில் ஆலைக்குப் போக மறுத்தவரைத் தண்டித்தனர். இன்று கட்டணம் செலுத்தி ஆலையைக் காண வருகின்றனர்.

டார்செட் மாவட்டத்து ஸ்டர்மின்ஸ்டர் நியூட்டனில் ஸ்டோர் ஆற்றங்கரையில் உள்ள ஆலை, ஆயிரம் ஆண்டுப் பழமை கூறப்படுவது. வருவோர்க்குக் காட்டுவதற்காக மாதத்தில் ஓரிரு நாள் மாவரைத்து வந்தார்கள். 2020-இன் வசந்த காலத்தில் கொள்ளைநோய்க்கு அஞ்சி மக்கள் வீட்டுக்குள் அடைந்தபோது, அந்நாட்டுக் கடைகளில் மாவு அகப்படவில்லை. காண வருவோரும் இல்லை. ஆலையைப் பேணி வந்தவர்கள் மதகைத் திறந்தனர். ஆண்டு முழுவதற்கும் போதுமென்று வைத்திருந்த ஒரு டன் கோதுமை இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்தது. மீண்டும் கோதுமை வாங்கினர். அரைத்த மாவு பைகளில் நிரப்பப்பட்டு, அவ்வூர் மளிகைக் கடைகளுக்கும் ரொட்டிக் கடைகளுக்கும் சென்றது.