கம்பி ஒன்றுதான், விற்பவர் பலர்

சான்ட்ரிங்கம் பகுதியிலே பலசரக்குக் கடை நடத்திவரும் எம்மவர் ஒருவருடன் அண்மையில் உரையாடிக்கொண்டிருந்தபோது, பேச்சு கடையின் செலவுகள் பக்கம் திரும்பியது. "வாடகை எவ்வளவு, பால் எவ்வளவு, பாண் எவ்வளவு எண்டு நித்திரையிலை கேட்டாலும் சொல்லுவன். கரண்ட் பில்லை மட்டும் வாற மாதிரியே கட்டிப்போட்டு விடுறன்" என்றார் அவர். ஆறு குளிர்சாதனப் பெட்டிகள் இரவுபகலாக ஓடும் கடை அது. வாடகைக்கும் கொள்முதலுக்கும் அடுத்த பெரிய செலவு மின்சாரமே. கடையை வாங்கிய நாளில் முன்னைய உரிமையாளர் எந்த நிறுவனத்திடம் மின்சாரம் பெற்றாரோ, அதே நிறுவனத்திடமே அவரும் ஒன்பது ஆண்டுகளாகப் பெற்று வருகிறார். ஏன் என்று கேட்டோம். "கரண்ட் எல்லாம் ஒண்டுதானே" என்பதே பதில்.

அவர் கூறியதில் பாதி உண்மை. மற்றப் பாதிக்குத்தான் அவர் பணம் செலுத்திக்கொண்டிருக்கிறார்.

இந்த எண்ணம் எமக்கு எங்கிருந்து வந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. தாயகத்தில் மின்சாரம் என்றால் இலங்கை மின்சார சபை. கொழும்பை அண்டிய சில நகரங்களிலும் தென்மேற்குக் கரையோரத்திலும் 1983 இல் உருவான இலங்கை மின்சாரக் கம்பனி விநியோகித்தது. அங்கும் பாவனையாளருக்குத் தெரிவு என்று ஒன்று இருந்ததில்லை. யாழ்ப்பாணத்திலோ 1990 இற்குப் பின் பல ஆண்டுகள் கம்பியிலே மின்சாரமே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்களிடமும், ஜாம் போத்தல் விளக்கிலே பரீட்சைக்குப் படித்தவர்களிடமும் மின்சாரத்தைப் பேரம்பேசி வாங்கலாம் என்று சொன்னால் சிரிப்பார்கள். வந்தால் போதும் என்பதே எமது பழக்கம்.

நியூசிலாந்திலும் ஒரு காலத்தில் இதே நிலைமைதான். அந்தந்தப் பகுதியின் மின்சார சபையே கம்பிக்கும் உரிமையாளர், மின்சாரத்தை விற்பவரும் அதுவே. 1992 ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தைத் தொடர்ந்து அந்தத் தனியுரிமை நீங்கியது. ஆயினும் வேறொருவரிடம் வாங்குவதற்கு அரைமணிக்கொரு தடவை அளவெடுக்கும் விலையுயர்ந்த மின்மானி தேவைப்பட்டதால், பெரிய தொழிற்சாலைகளே அந்த உரிமையை அனுபவித்தன. மூலைக்கடைக்காரருக்கு அது ஏட்டளவில் மட்டுமே இருந்தது.

பின்னர் ஒக்லாந்தில் அந்த ஐந்து வாரங்கள் வந்தன. 1998 ஜனவரி 22 ஆம் திகதி தொடக்கம், நகர மையத்துக்கு மின்சாரம் கொண்டுசென்ற நான்கு பிரதான நிலக்கீழ்க் கேபிள்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதடைந்தன. பெப்ரவரி 20 ஆம் திகதி நான்காவதும் போயிற்று. நாட்டின் மிகப்பெரிய வணிக மையம் இருளில் மூழ்கியது. குயீன் வீதி நடைபாதைகளில் ஜெனரேற்றர்கள் இரைந்தன. அலுவலகங்கள் புறநகர்களுக்கும் வேறு நகரங்களுக்கும் இடம்பெயர்ந்தன. சிறு உணவகங்கள் பல கதவைச் சாத்தின. புகையிரதப் பாதையோரமாக அவசர மின்கம்பி இழுத்துத்தான் மார்ச் இறுதியில் நிலைமையைச் சீராக்க முடிந்தது. அப்போது அப்பகுதிக்குக் கம்பியும் மின்சாரமும் இரண்டையும் வழங்கியது மேர்க்குரி எனேர்ஜி என்ற ஒரே நிறுவனம்.

அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய மின்துறைச் சீர்திருத்தச் சட்டம் இவ்விரண்டையும் பிரித்தது. கம்பி வைத்திருப்பவர் மின்சாரம் விற்கலாகாது என்பது அதன் சாரம். மேர்க்குரி எனேர்ஜியின் கம்பிகள் வெக்டர் என்ற பெயர் பெற்றன. விற்பனைப் பகுதி, அரசுக்குச் சொந்தமான மைற்றி றிவர் பவர் நிறுவனத்திடம் போயிற்று. அந்நிறுவனம் 2016 இல் மேர்க்குரி என்றே தன் பெயரையும் மாற்றிக்கொண்டது. பழைய பெயர் நிலைத்ததால் இன்றும் பலருக்குக் குழப்பம். 1999 ஏப்ரல் 1 ஆம் திகதி அரச மின்னுற்பத்திக் கூட்டுத்தாபனம் மூன்றாகப் பிளக்கப்பட்டது. அவ்வாண்டு முதல், சாதாரண மின்மானி உள்ள சிறு கடையும் விற்பனையாளரை மாற்றலாம் என்றாயிற்று. இன்று கொன்டக்ட், ஜெனசிஸ், மேர்க்குரி, மெரிடியன் ஆகிய நான்கும் பெரியவை. இவை தாமே உற்பத்தி செய்து தாமே விற்பவை. சிறிய விற்பனையாளர்கள் வேறு.

இங்கே ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். விற்பவரை மாற்றினால் கம்பி மாறாது. மின்மானியும் வழக்கமாக அதேதான். புதிய நிறுவனம் வந்து வீதியைக் கிண்டாது; கடை ஒரு நிமிடமேனும் இருளாது. புயலிலே கம்பி அறுந்தால் எல்லோருக்கும் வெக்டரே திருத்தும். குறைந்த விலைக்கு வாங்கியவர் வரிசையில் பின்னால் நிற்கப்போவதில்லை. அதேபோல, 1998 இல் நடந்ததைப் போன்றதொன்று மீண்டும் நடந்தால் எந்த விற்பனையாளராலும் எம்மைக் காப்பாற்ற முடியாது. மாறுவது விலையும் ஒப்பந்தமுமே.

அந்த விலை எவ்வளவு பெரிய விடயம்? மாதம் 3,000 அலகு பாவிக்கும் கடைக்கு அலகொன்றுக்கு நான்கு சதம் குறைந்தால் மாதம் 120 டொலர், ஆண்டுக்கு 1,440 டொலர். பிள்ளையின் பாடசாலைச் செலவு, அல்லது ஊருக்கு அனுப்பும் பணம். வீட்டுக்காரர் ஒருவர் நான்கு சதத்துக்காக அலைவதைவிட, குளிர்சாதனப் பெட்டிகளை நம்பிப் பிழைக்கும் கடைக்காரர் அலைவதற்குக் காரணம் அதிகம்.

2018 இல் அரசு அமைத்த மின்விலை மீளாய்வுக் குழு, சந்தை இரு தட்டுகளாகப் பிரிந்திருப்பதைக் கண்டது: தேடி விசாரித்து வாங்குவோர் ஒரு தட்டு, இருந்த இடத்திலேயே இருப்போர் மறு தட்டு. நீண்டகால விசுவாசத்துக்குக் கிடைத்த பரிசு கூடிய விலைதான். அதே குழு இன்னொன்றையும் எடுத்துக்காட்டியது. 1990 இலிருந்து, பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால், வீடுகளுக்கான விலை ஏறத்தாழ 79 வீதம் உயர்ந்திருந்தது. வணிக நிலையங்களுக்கான விலை ஏறத்தாழ 24 வீதம் குறைந்திருந்தது. முன்னர் வணிகர்களிடம் கூடுதலாக அறவிட்டு வீடுகளுக்குக் குறைத்துக் கொடுத்த பழைய முறை ஒழிந்தமை இதற்கு ஒரு காரணம். ஆகவே போட்டியின் பயன் எல்லோருக்கும் சமமாகக் கிடைத்தது என்று நாம் எழுதமாட்டோம். கடை முதலாளி கல்லாவிலே பெற்றதை அவரது தொழிலாளி வீட்டிலே இழந்திருக்கவும் கூடும். எனினும் கடைக்குரிய அந்தக் குறைந்த விலையையும் கேளாமல் விட்டவர்களே எம்மிடையே அதிகம் என்பது எமது கணிப்பு.

விலை கேட்கும்போது சில பொறிகள் உண்டு. கடைகளுக்கான விலையைப் பெரும்பாலும் 15 வீத ஜீ.எஸ்.ரி. வரி சேர்க்காமலே சொல்வார்கள். ஒன்றை வரியோடும் மற்றதை வரியின்றியும் ஒப்பிட்டு ஏமாறக் கூடாது. அலகு விலை குறைவாயிருக்கும், நாளாந்த நிலையான கட்டணம் அதிகமாயிருக்கும். இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். "மூன்று ஆண்டுக்கு நிலையான விலை" என்று எழுதியிருந்தாலும், கம்பிக் கட்டணம் தனியே கணக்கிடப்படுவதாயின் அது ஏறும்போது பட்டியலும் ஏறும். வணிக ஆணைக்குழுவின் புதிய வரையறைகளின்படி 2025 ஏப்ரல் 1 முதல் கம்பிக் கட்டணங்கள் உயர்ந்தபோது சிலர் இதை அனுபவத்தில் கற்றனர். தவணை முடியுமுன் விலகினால் அபராதம் எவ்வளவு, தவணை முடிந்தபின் பேசாதிருந்தால் எந்த விலைக்கு மாற்றுவார்கள் என்ற இரண்டையும் எழுத்திலே கேட்டுப் பெறுவது நல்லது.

இன்னொரு வாசகம் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் ஒளிந்திருக்கும். 1993 ஆம் ஆண்டின் பாவனையாளர் உத்தரவாதச் சட்டம் வீட்டுப் பாவனையாளரைக் காக்கிறது. வணிகத்துக்காக வாங்குவோரிடம் அச்சட்டம் பொருந்தாது என ஒப்பந்தத்திலே எழுதிக்கொள்ளச் சட்டமே இடமளிக்கிறது. மின்தடையால் குளிர்சாதனப் பெட்டியிலிருந்த இறைச்சியும் மீனும் பழுதடைந்தால், அந்த ஒரு வரி காரணமாக நட்டஈடு கேட்க முடியாது போகலாம். கடைக் காப்புறுதியில் அது அடங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

"சந்தை விலைக்கே தருகிறோம்" என்பார் சிலர். இந்நாட்டில் மொத்த மின்சாரச் சந்தை 1996 ஒக்டோபர் 1 ஆம் திகதி தொடங்கியது. அங்கு அரைமணிக்கு ஒரு விலை, நாளுக்கு 48 விலைகள். நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் நீர்மின். மழை பொய்த்து ஏரிகள் வற்றினால் விலை கிடுகிடுவென ஏறும். 2024 ஓகஸ்ட்டில் ஏரிநீரும் எரிவாயுவும் ஒருங்கே தட்டுப்பட, மெகாவாட் மணிக்கு 800 டொலருக்கு மேல், அதாவது அலகுக்கு 80 சதத்துக்கு மேல் போயிற்று. மின்விலையைக் காரணங்காட்டி வின்ஸ்டன் நிறுவனம் ருவபேகுப் பகுதியிலிருந்த தனது காகிதக்கூழ் ஆலையையும் மர ஆலையையும் அடுத்த மாதமே மூடுவதாக அறிவித்தது. சுமார் 230 பேர் வேலையிழந்தனர். மழைக்காலத்தில் சந்தை விலை மிக மலிவாக இருப்பதும் உண்மையே. ஆனால் ஒரு மாதப் பட்டியல் மும்மடங்காக வந்தால் தாங்க முடியாத கடை அந்தச் சூதுக்குப் போகலாகாது. எமது கடைகளில் எத்தனை தாங்கும்?

ஒக்லாந்தின் மத்திய, கிழக்கு, தென் பகுதிகளில் இருப்போருக்கு இன்னொரு செய்தி. வெக்டரின் 75.1 வீதப் பங்கு என்ட்ரஸ்ட் என்ற நம்பிக்கைப் பொறுப்பிடம் உள்ளது. ஆண்டுதோறும் அது தன் எல்லைக்குள் மின்கணக்கு வைத்திருப்போருக்கு, கடைகளுக்கும் சேர்த்து, பங்கிலாபம் வழங்குகிறது. விற்பவரை மாற்றினால் இது போய்விடும் என்று அஞ்சுவோர் உளர். போகாது, அது கம்பியைச் சார்ந்தது. ஆனால் கணக்கு யார் பெயரில் உள்ளதோ அவருக்கே அது சேரும். கட்டட உரிமையாளரின் பெயரில் கணக்கை விட்டுவிட்டு, மின்கட்டணத்தை வாடகையோடு கட்டிவரும் கடைக்காரர், அவருக்குரியதாக இருந்திருக்கக்கூடிய பணத்தைக் கண்ணாலும் காண்பதில்லை.

மாற்றுவது கடினமன்று. பட்டியலிலே 15 எழுத்தும் இலக்கமுமான ஐ.சி.பி. இணைப்பு எண் இருக்கும். புதிய நிறுவனம் கேட்பது முதலில் அதைத்தான். கடந்த 24 மாதங்களின் பாவனை விபரத்தைத் தற்போதைய நிறுவனத்திடம் கேட்டுப் பெறும் உரிமை எமக்குண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நிறுவனங்களிடமாவது விலை கேட்கலாம். விலை ஒப்பிடும் சேவைகள் பெரும்பாலும் வீடுகளுக்கென அமைந்தவை. கடைக்காரர் நேரே தொலைபேசியில் பேசத்தான் வேண்டும். ஆங்கிலம் தடையென்றால் பல்கலைக்கழகத்திலே படிக்கும் மகளையோ மகனையோ பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் கடையின் கணக்குத் தெரியட்டும். புதிதாக வந்து கடன் வரலாறு இல்லாதோரிடம் சில நிறுவனங்கள் முற்பணம் கேட்கக்கூடும். அது எப்போது திரும்பக் கிடைக்கும் என்றும் கேளுங்கள். பிணக்கு ஏற்பட்டால் முதலில் நிறுவனத்திடமே முறையிட வேண்டும். 20 வேலைநாட்களில் தீராவிட்டால் யுட்டிலிற்றீஸ் டிஸ்பியூட்ஸ் என்ற சுயாதீன அமைப்பிடம் செல்லலாம். அதற்குக் கட்டணம் இல்லை. சிறு வணிகர்களும் செல்லலாம்.

சான்ட்ரிங்கம் நண்பருடன் ஒரு ஞாயிறு மாலை கடை அடைத்தபின் அமர்ந்து பட்டியல்களை விரித்தோம். அவரது ஒப்பந்தத் தவணை எப்போதோ முடிந்து, அறிவிப்புக் கடிதம் திறக்கப்படாமலே மேசை இழுப்பறையில் கிடந்தது. மூன்று இடங்களில் விலை கேட்டார். நான்காவதாகப் பழைய நிறுவனத்தையே அழைத்து, போகப்போவதாகச் சொன்னார். ஒன்பது ஆண்டுகள் தராத விலையை அவர்கள் அன்று தந்தார்கள். அதைவிடக் குறைந்த விலையை வேறொருவர் தந்திருந்தபடியால், அவர் போயே விட்டார். புதிய ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளுக்கு. அது முடியும் திகதியைக் கல்லாப்பெட்டிக்கு மேலே தொங்கும் முருகன் நாட்காட்டியின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறார். அடுத்த ஆண்டு நாட்காட்டி வந்ததும் அதிலும் எழுதவேண்டும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறார்.