வரையாடு யாருக்குச் சொந்தம்?

பெண்ணாடம் வட்டாரத்தில் வெள்ளாடும் செம்மறியும் வளர்ப்பவர்களுக்கு ஒரு கேள்வி. நம் மாநில விலங்கான நீலகிரி வரையாடு இந்த இரண்டில் எதற்கு நெருங்கிய உறவு?

தோற்றத்தைப் பார்த்து, இமயமலைத் தார் ஆட்டோடு ஒரே பேரினத்தில்தான் அதை வெகுகாலம் சேர்த்து வைத்திருந்தார்கள். 2005இல் வெளியான மரபணு ஆய்வு அதை மாற்றியது. இமயமலைத் தார் வெள்ளாட்டுப் பக்கம். நம் வரையாடோ செம்மறிக்கு நெருங்கிய சொந்தம். அதனால் அதற்கு 'நீல்கிரிட்ராகஸ்' என்று தனிப் பேரினமே உருவானது. உலகில் வேறெங்கும் இல்லாத விலங்கு இது. தமிழ்நாடு, கேரள மலைகளில் மட்டுமே வாழ்கிறது.

2025 ஏப்ரலில் இரு மாநிலங்களும் சேர்ந்து எண்ணியபோது தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365. எண்ணிக்கையை விடக் கவலை தருவது வேறொன்று. மலைப் புல்வெளிகளைச் சீகை மரங்களும் தைல மரங்களும் மூடிவிட்டதால் மந்தைகள் தனித்தனியாகப் பிரிந்து கிடக்கின்றன. சின்ன மந்தைக்குள்ளேயே இனம் பெருகினால் மரபணு வளம் குன்றும், நோயைத் தாங்கும் திறனும் குறையும். இதை அறிய ஆட்டைப் பிடிக்க வேண்டியதில்லை, புழுக்கையிலிருந்தே டி.என்.ஏ. கிடைக்கும். கனடாவில் கரிபு மான்களையும் இப்படித்தான் ஆராய்கிறார்கள்.

வரையாட்டுக்கென்றே 2023 அக்டோபரில் தமிழக அரசு 25 கோடி ரூபாய்த் திட்டம் தொடங்கியது. பழைய புல்வெளிகளை மீட்பதும் அதில் அடக்கம். 1975இலேயே வரையாட்டை ஆராய்ந்த ஈ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாக, அக்டோபர் 7 வரையாடு நாள்.